முன்னால் நிற்கும் புள்ளியின் சொந்தக்காரர்கள்

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் கணக்கு டீச்சராக வேலைக்கு வந்தபோது, முடியாத ஆராய்ச்சி ஒன்றும் என் பெட்டியில் கூடவே வந்தது. ஒரு புள்ளி இருக்கிறது. அது குட்டி போடும். ஒவ்வொரு குட்டியும் தாய் நின்ற இடத்திலிருந்து முன்னாலோ பின்னாலோ மனம்போனபடி கொஞ்சம் நகர்ந்து, தானும் குட்டி போடும். பல தலைமுறை கழித்து, எல்லோருக்கும் முன்னால் நிற்பது எங்கே நிற்கும்? "இந்தத் தடவையும் ஒத்துவரலேன்னா வேற தலைப்பு பாருங்க" என்று சென்னையில் என் வழிகாட்டி கறாராகச் சொல்லியிருந்தார்.

பின்னலாடை ஆலையில் சம்பளக் கணக்குப் போடும் கணினியை ஓட்டிய நண்பர், சனிக்கிழமை மதியங்களில் அதை எனக்கு விட்டுக்கொடுப்பார். எத்தனை முறை ஓட்டினாலும், எல்லோருக்கும் முன்னால் நிற்கும் புள்ளி என் சூத்திரம் சொன்ன இடத்துக்குப் பின்னாலேயே நின்றது. கணினியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்த நண்பரின் தங்கைக்கு, தீவின் தெற்கே சுரினாம் என்ற ஊரில் கல்யாணம். பந்தியில் என் கையில் பருப்பு வாளி. ரோஸ் பெல் ஊரிலிருந்து வரவேண்டியவர்கள் ஒருவர்கூட வரவில்லை. இலைகள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"நூ து ஃபாமி, மிஸ்!" என்று சிரித்தார் நண்பர். அத்தனை பேரும் ஒரே குடும்பமாம். வந்தால் மொத்தமாக வருவார்கள், இல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

அங்கேயே நின்றுவிட்டேன். சராசரியை நம்பி, அவ்வளவு தூரத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள் என்று கணக்குப் போட்ட மண்டு நான்! எப்போதோ ஒரு முறை குடும்பத்தோடு வந்து இறங்கும் கூட்டத்தால் வீங்கிய சராசரி அது. மற்ற நேரமெல்லாம் அங்கே ஈ காக்கை கிடையாது. வழியிலேயே மிகவும் முந்திக்கொண்டு அந்தக் கூட்டத்தைப் பெற்றுவிட்ட முன்னோர்களின் வம்சத்தைக் கழித்துவிட்டல்லவா எண்ண வேண்டும்? ஒரே ஆளுடைய இலையில் மறுபடி மறுபடி பருப்பை ஊற்றிக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்துபோய் இலையை மூடிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கணினியை ஓட்டினோம். புதிய சூத்திரத்தின்படி முன்னால் நிற்கும் புள்ளி, ஒரே வேகத்தில் போனால் எட்டும் இடத்திலிருந்து பின்வாங்க வேண்டிய தூரம், பழையதைப்போல மூன்று மடங்கு. அச்சாகி வந்த தாளில் புள்ளி புதிய சூத்திரம் சொன்ன அந்த இடத்திலேயேதான் நின்றது. எனக்குக் கண்ணீர் வந்தது; அப்புறம் ஆலைக்குள்ளேயே குதித்தேன். உங்கள் கணக்கு முன்னைவிடப் பின்னால் போய்விட்டதே, அதற்கா இந்த ஆட்டம் என்று நண்பர் கிரியோலில் கேட்டார்.

"பின்னாலதான்! மூணு மடங்கு பின்னால!" என்று தமிழில் கத்தினேன். ஒரு வார்த்தையும் புரியாமல் அவரும் என்னோடு குதித்தார்.