ஜெயம்மாளுக்கு அடித்த அஞ்சலி போஸ்டர்

உத்திரமேரூர் பஸ் நிலையம் அருகே ஃப்ளெக்ஸ் கடை நடத்தும் ஷீபாவின் கம்ப்யூட்டரில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. எரியும் குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் தாமரை, நடுவில் வட்டத்துக்குள் படம், கீழே தோற்றம், மறைவு. பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. அந்த ஃபோல்டரில் இருப்பவர்களில் ஒருவர் மட்டும் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்குள் எட்டிப் பார்த்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். அவர் ஜெயம்மாள்.

ஜெயம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். கணவர் நமச்சிவாயம் நெல்லும் வேர்க்கடலையும் வைக்கிறார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நிலம் மட்டும் போதாத வருடங்களில் வளைகுடாவில் ஒரு நாட்டுக்குப் போய் ஒரு வீட்டில் சமையல் செய்தார் ஜெயம்மாள். அந்த நாட்டின் பெயரை எழுதக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பெயர் ஹாதிம். அங்கே வழக்கம்போல அவரை ‘பாபா’ என்றுதான் கூப்பிட்டார். மனைவி இறந்துபோன, தனியாக இருந்த மனிதர். விருந்தாளி தொல்லை இல்லாத இடம் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுவார். டீயை அடுப்பில் வைத்துவிட்டு எழுத்தில் மூழ்கிவிடுவார். டீ பொங்கி அடுப்பை அணைக்கும். “பேஜார் புடிச்ச மனுசன்” என்று முணுமுணுத்தபடி ஜெயம்மாள் துடைப்பார். சாப்பாடு போடும்போது அவர் கையை மறித்துக் காட்டினால், ஜெயம்மாள் “போதுமா?” என்பார். இப்படித்தான் ஹாதிமுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வந்தன: பேஜார், போதும்.

என்ன எழுதினார் என்பது ஜெயம்மாளுக்குத் தெரியாது. அந்த நாட்டுச் சிறைகளில் காரணம் சொல்லாமல் அடைக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒருநாள் காலையில் சம்பள பாக்கியைக் கையில் கொடுத்து, ஊருக்குப் போய்விடு என்று சைகையில் சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. ஐரோப்பாவில் ஒரு நாட்டில் தஞ்சம் புகுந்துவிட்டார். ஜெயம்மாளைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் கையெழுத்து போடு என்றார்கள். எழுதியதும் எழுதாததுமாகப் பல தாள்கள். விரல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் போட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்தத் தாள்களில் ஒன்றுதான் போன வருடம் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஹேமாவதி, சென்னை வக்கீல்; ஹாதிமின் ஐரோப்பிய வக்கீல்கள் அனுப்பியவர். களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டினார். ஜெயம்மாளாகிய நான், என் முதலாளி ஹாதிம் என் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார் என்றும், சம்பளம் தராமல் அறையில் பூட்டி வைத்தார் என்றும் புகார் செய்கிறேன். கீழே ஜெயம்மாளின் கையெழுத்து. அது அவருடையதேதான்.

“எண்ணெயா?” என்றார் ஜெயம்மாள். “அந்தாளுக்கு அடுப்ப அணைக்கவே தெரியாதே, வக்கீலம்மா.”

ஹேமாவதி விளக்கினார். எழுதியதற்காக ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டால் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுக்காது. வேலைக்காரப் பெண்ணை எண்ணெய் ஊற்றிச் சுட்டவரைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டால் யோசிக்கும். அதனால் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் கேட்டிருக்கிறார்கள். ஹாதிம் காலில் கண்காணிப்புப் பட்டையுடன் வீட்டுக் காவலில் இருக்கிறார். ஒப்படைத்தால் அவரும் அந்தச் சிறைகளில் ஒன்றுக்குள் போவார், வெளியே வரமாட்டார். ஜெயம்மாள் வீடியோவில் நீதிபதி முன் வந்து இது பொய் என்று சொன்னால் போதும்.

சொல்கிறேன் என்றார் ஜெயம்மாள். கடலையைப் பொறுக்கிய கை நிற்கவில்லை. அவ்வளவு எளிய விஷயமாகத்தான் அவருக்குப் பட்டது.

அவர் சாட்சி சொல்லப் போகிறார் என்று நீதிமன்றத்தில் ஹாதிம் தரப்பு எழுதிக் கொடுத்த அடுத்த வாரமே, மகன் வரதனை அவன் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வரதன் ஏசி மெக்கானிக். வேலை பார்ப்பது அதே நாட்டில். பாஸ்போர்ட் கம்பெனியின் கையில். மேனேஜர் அறையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நலமா என்று கேட்டார்கள். வயதானவர், அதிகம் பேசி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். டீ கூடக் கொடுத்தார்கள்.

வரதன் போனில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தான். நீ பேசும்மா, எனக்கு ஒன்றும் ஆகாது என்றான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஜெயம்மாள் முடிவு செய்துவிட்டார். ஹேமாவதிக்குப் போன் போட்டார்.

“என் புள்ள அவங்க கையில கீறான் வக்கீலம்மா. என்னால முடியாது. பாபாகிட்ட சொல்லிடுங்க.”

ஹேமாவதி வற்புறுத்தவில்லை. விசாரணைத் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

ஜெயம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் பெயரில், தன் கையெழுத்தில் ஒரு மனிதனைக் கொண்டுபோய் அடைக்கப் போகிறார்கள். வாய் திறந்தால் மகன், திறக்காவிட்டால் பாபா. வரதன் மட்டும் ஊரில் இருந்தால் இந்தக் கணக்கே வேறு. லீவு கேள் என்றார். கேட்டான், கிடையாது என்றார்கள். கல்யாணத்துக்கு லீவு இல்லை, காய்ச்சலுக்கு இல்லை. பெற்றவர்கள் செத்தால் மட்டும் உண்டு. அதற்கு அத்தாட்சி அஞ்சலி போஸ்டர். வரதன் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பல வருடமாகக் காட்டிக் காட்டி, தமிழ் தெரியாத மேனேஜருக்கே குத்துவிளக்கையும் தாமரையையும் பார்த்தால் விஷயம் புரியும்.

நமச்சிவாயம் மூன்று வருடத்துக்கு முன்பே ஒருமுறை இப்படிச் செத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு வரதன் வர வேறு வழி இருக்கவில்லை; அப்போது அவன் வேறு கம்பெனியில் இருந்தான்.

“இன்னொரு தபா செத்துப் பாக்கட்டா?” என்று கேட்டார் நமச்சிவாயம்.

“ஒரு ஆளு எத்தினி தபா சாவறது? இந்த தபா நான் சாவறேன்” என்றார் ஜெயம்மாள்.

அவர் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. அந்த இரண்டு பேர் பயப்படுவது இவர் வாய்க்குத்தான். வாயே இல்லை என்றால் வரதனை எதற்குப் பிடித்து வைக்கப் போகிறார்கள்?

ஷீபா முதலில் மறுத்தார். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு மறைவு தேதி போடக் கை வரவில்லை என்றார். ஜெயம்மாள் விடவில்லை. மகள் கல்யாணத்தில் மாம்பழக் கலர் புடவையில் எடுத்த படத்தைக் கொடுத்தார். போஸ்டர் அச்சடிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். முகத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கவும் சொன்னார். ஷீபா செய்து கொடுத்தார். படம் வரதனுக்குப் போனது. எல்லாவற்றையும் யோசித்த இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். செய்து முடித்த டிசைனைக் கடை ஸ்டேட்டஸில் போடுவது ஷீபாவின் தினசரி பழக்கம். அன்றும் கை தானாகப் போட்டுவிட்டது.

மத்தியானத்துக்குள் மாகறலிலிருந்து தங்கை செல்லம்மாள் ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தவர், வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அடுத்த கணம் மாலையாலேயே அடித்தார்.

“வயித்துல நெருப்பக் கொட்டிட்டியே யக்கா! இன்னாடி வெளையாட்டு இது?”

“அடி மெதுவா. மாலை பிஞ்சிடப் போவுது.”

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. அப்போது நமச்சிவாயத்தின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, வரதனின் மேனேஜர். சாவு வீட்டைப் பார்க்க வேண்டுமாம். ஜெயம்மாள் மீன் சட்டியோடு பின்பக்கம் ஓடி மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்தார். மேனேஜர் பார்த்தது வாசலில் ஒரு கூட்டம், துண்டால் வாயைப் பொத்தி நின்ற நமச்சிவாயம், கையில் மாலையோடு தேம்பும் செல்லம்மாள். வரும் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை அவருக்கு இன்னும் தீரவில்லை. நடிக்கத் தேவையே இருக்கவில்லை.

அன்றே பாஸ்போர்ட் வரதன் கைக்கு வந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர் விமான நிலையம்வரை கூடவே வந்து, தோளில் கைவைத்து ஆறுதல் சொன்னார். முகத்தில் கவலை தீர்ந்த களை இருந்ததாக வரதன் சொல்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்தவன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். “போட்டோல இதவிட நல்லா கீறயேம்மா” என்றான். ஜெயம்மாள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அந்தத் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நமச்சிவாயம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மறுநாள் ஹேமாவதிக்குப் போன் போனது. முழுக்கதையையும் கேட்ட ஹேமாவதிக்குக் கோபம் வந்தது. முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொன்னவர் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். கடைசியில், கேட்டால் எதையும் மறைக்காதீர்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள் என்றார்.

விசாரணை அன்று காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஜெயம்மாளை உட்கார வைத்தார்கள். அடையாளம் சரிபார்க்க அந்த ஐரோப்பிய நாட்டின் தூதரகத்திலிருந்து ஒரு அதிகாரி பக்கத்தில் இருந்தார். திரையில் நீதிபதி, வயதான ஒரு பெண்மணி. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ஹாதிம், மெலிந்திருந்தார்.

காஞ்சிபுரத்தில் இருப்பவர் யார் என்று அறிவிப்பதற்குள் வளைகுடா நாட்டின் வக்கீல் முந்திக்கொண்டு எழுந்தார். வருத்தமான செய்தி ஒன்று இருக்கிறது, புகார் கொடுத்த பெண் இறந்துவிட்டார், இனி அவரை விசாரிக்க வழியில்லாததால் அவர் எழுதிக் கொடுத்த புகாரை அப்படியே ஏற்க வேண்டும் என்றார். அத்தாட்சியாக ஒரு படத்தைத் திரையில் காட்டினார். குத்துவிளக்கு, தாமரை, மாம்பழக் கலர் புடவை.

நீதிபதி படத்தைப் பார்த்தார். காஞ்சிபுரம் கட்டத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: நீங்கள் யார்?

ஜெயம்மாள் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நான்தாம்மா ஜெயம்மா. அந்தப் படத்துல கீறதும் நான்தான். நான் சாவல. என் புள்ள அவங்க ஊர்ல மாட்டிக்கினு இருந்தான். அவன வரவைக்க நான் சொன்ன பொய் அது. பாபா என்னிய சுட்டார்ன்றது அவங்க எழுதிக்கினது. வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கனாங்க. அவரு என்னிய ஒரு வார்த்த திட்னதில்ல. நான்தான் அவர திட்டியிருக்கேன். என் பொய்ய நான் ஒத்துக்கினேன். அவங்க பொய்ய அவங்க ஒத்துக்கட்டும்.”

இந்தப் படம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று நீதிபதி அந்த வக்கீலைக் கேட்டார். மகனை வரவைக்க அவன் கம்பெனிக்கு அனுப்பிய படம் அரசாங்கத்தின் கோப்பில் எப்படி வந்தது? சாட்சியின் மகனை அவர்கள் எதற்காகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்? வக்கீல் அவகாசம் கேட்டார். அவகாசம் கொடுத்தார்கள், பதில் வரவில்லை.

தீர்ப்பு வந்தபோது ஜெயம்மாள் நாற்று பறித்துக்கொண்டிருந்தார். வரதன் வரப்பில் ஓடிவந்து போனை நீட்டினான். ஹாதிமை ஒப்படைக்க மறுத்துவிட்டார்கள். புகார் நம்பத்தக்கதல்ல, சாட்சியின் குடும்பம் மிரட்டப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பில் எழுதியிருப்பதாக ஹேமாவதி சொன்னார். ஜெயம்மாள் வரப்பில் உட்கார்ந்தார். கூட நாற்று பறித்தவர்கள் ஏதோ கெட்ட சேதி என்று ஓடிவந்தார்கள். “இல்லடி, நல்லதுதான். பாபா தப்பிச்சிட்டாரு” என்றார்.

வரதனால் இனி அந்த நாட்டுக்குப் போக முடியாது. போகும் எண்ணமும் இல்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஏசி பராமரிப்பு வேலை கிடைத்துவிட்டது. முகாமில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குத்தான் சின்ன நஷ்டம். போஸ்டரைக் காட்டினால் இப்போதெல்லாம் மேனேஜர் நம்புவதில்லையாம். ஊரில் இதற்காக ஜெயம்மாளைக் கரித்துக் கொட்டுகிறார்கள்.

தீர்ப்புக்கு மறுநாள் ஹாதிம் வீடியோவில் கூப்பிட்டார். பேண்டைத் தூக்கி, பட்டை இல்லாத வெறுங்காலைக் காட்டினார். பேச இருவருக்கும் பொது மொழி இல்லை. அவர் நெஞ்சில் கைவைத்து, தனக்குத் தெரிந்த தமிழ் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்: “பேஜார், போதும்.”

ஜெயம்மாளின் கண் ஹாதிமின் தோளுக்குப் பின்னால் இருந்தது.

“பாபா, அடுப்பப் பாருங்க,” என்று கை நீட்டினார். “டீ பொங்குது.”