பூரணி வளர்த்த கோதுமைப்புல்

ஹட்டனிலிருந்து திக்கோயாவுக்குப் போகும் வீதியில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் பூரணியின் வீடு இருக்கிறது. அதற்கு அடுத்த வீட்டின் மேல் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். ஆசிரியை நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இந்த ஊரில் முதலில் பழக்கமானவள் அவள்தான். நான் வந்து இறங்கிய அன்று அடைமழை. என் பெட்டிகள் நனைவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே வந்து ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பூரணி வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காய்கறி வெட்டுவதில் தொடங்கி, காலைச் சாப்பாட்டுப் பொறுப்பு வரைக்கும் உயர்ந்தாள். அங்கே ஓடித் திரிந்ததில் சிங்களம் நன்றாக வந்தது, ஆங்கிலமும் ஓரளவு வந்தது. பிறகு ஹட்டனில் ஓட்டோ ஓட்டும் கஜேந்திரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் வெளிநாட்டுக்காரர் வருவது நின்றுபோனது. ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தார்கள். கைக்குழந்தையோடு பூரணி வீட்டில் இருந்துவிட்டாள்.

அந்த நாட்களில் அவளுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அப்போதுதான் ஹோட்டலில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் தினமும் கேட்டுக் குடித்த பச்சை ஸ்மூதி அவளுக்கு நினைவுக்கு வந்தது. கோதுமைப்புல்லை வெட்டி, பழங்களோடு அடித்துக் கொடுப்பது பூரணியின் வேலையாக இருந்தது. மற்றவருக்கு அடித்துக் கொடுத்தாளே தவிர, ஒரு நாளும் தான் ருசி பார்த்ததில்லை.

புல் வளர்க்க முதலில் கோதுமை வேண்டும். காலையிலும் இரவிலும் கோதுமை மா ரொட்டி சாப்பிடுகிற ஊர் இது. ஆனால் கோதுமை மணியைக் கண்ணால் கண்டவர் குறைவு. கடைத்தெருவில் அவள் கோதுமை கேட்ட இடத்தில் எல்லாம் மா பையைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

"மா இல்லீங்க, மணி. மொளைக்கிற மணி."

"அத வாங்கி என்னாங்க செய்யப் போறீங்க?"

"தின்னத்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போயிருக்கிறாள். கடைசியில் பூசைச் சாமான் கடையில், நவதானியத்துக்காக வைத்திருந்த கோதுமை கிடைத்தது.

தோட்டத்துத் திருவிழாவில் முளைப்பாரி போட்டு எடுத்தவள் என்பதால் இது சுலபம் என்று நினைத்தாள். சுலபமாக இருக்கவில்லை. முளைப்பாரியைப் போல இருட்டில் வைத்ததால் முளை வெளுத்துப் போனது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், ஹட்டன் ஈரத்தில் வேரடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள். அடுத்த தடவை மணிகளை நெருக்காமல் தூவி, தண்ணீரைக் குறைத்து, காற்று வரும் ஜன்னலோரத்தில் தட்டை வைத்தாள். அது பிடித்துக்கொண்டது. சாண் உயரத்துக்குப் பளபளவென்று நின்ற புல்லை எனக்குக் காட்டுவதற்காகத் தட்டோடு தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

முதல் நாள் ஆசையில் ஒரு கட்டுப் புல்லை வெறும் தண்ணீரில் அடித்து ஒரு கோப்பை நிறையக் குடித்துவிட்டு, வயிற்றைப் புரட்டிப் படுத்துக்கொண்டாள். கஜேந்திரன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாட்டுக்கு வெட்டுறத மனுசனுக்கு வெட்டிட்டியே," என்றான். அவள் விடவில்லை. புல்லைக் கைப்பிடியாகக் குறைத்தாள். அன்னாசி சேர்த்தாள், கனிந்த வாழைப்பழம் சேர்த்தாள், கொஞ்சம் இஞ்சி, அரைத் தேசிக்காய். நார் தொண்டையில் நிற்கிறது என்று, புல்லை முதலில் தனியாக அடித்துத் துணியில் பிழிந்து, அந்தச் சாற்றில் பழங்களைப் போட்டு மறுபடி அடித்தாள். எனக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் முதலில் அன்னாசி தெரிந்தது, பின்னால் மழை பெய்து ஓய்ந்த விளையாட்டு மைதானம் தெரிந்தது. கெட்ட ருசி என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சில மாதங்களில் அவள் முகத்தில் தெளிவு வந்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை.

"இந்தப் புல்லாலதான் சுகம் வந்ததோ?" என்று கேட்டேன்.

"எப்புடிங்க டீச்சர் சொல்றது? மாத்திரையும் போடுறேன், முட்டையும் சாப்புடுறேன், இதையும் குடிக்கிறேன். எது வேல செஞ்சிச்சின்னு எனக்குத் தெரியாதுங்க."

இந்தப் பதிலை அவள் மாற்றியதே இல்லை. வீட்டு வாசலில் ஒரு மேசை போட்டு, காலையில் நடக்கப் போகிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஸ்மூதி விற்கத் தொடங்கிய பிறகும் அதையேதான் சொன்னாள். சீனி நோய் குறையுமா, கொழுப்பு கரையுமா என்று கேட்பார்கள். "ருசியா இருக்கும், பசி தாங்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க," என்பாள். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள் என்று கஜேந்திரனுக்குக்கூட ஒரு ஆதங்கம் இருந்தது.

ஆனால் பேச்சு அவள் கையில் இருக்கவில்லை. யாரோ அவள் மேசையைப் படம் பிடித்து, புற்றுநோயையும் விரட்டும் பானம் ஹட்டனில் கிடைக்கிறது என்று எழுதி முகநூலில் போட்டுவிட்டார்கள். அது போன் போனாகச் சுற்றியது.

அதைப் பார்த்துத்தான் வீரய்யா வந்தார். வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வேலை இல்லாத நாட்களில் ரயிலேறி வந்து போத்தலில் நிரப்பி வாங்கிக்கொண்டு போவார். அதிகம் பேசமாட்டார். ஒரு விடுமுறை நாள் காலையில் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, போத்தலை நிரப்பிக்கொண்டே பூரணி கேட்டாள்.

"வீட்ல யாரு அண்ணே குடிக்கிறது?"

"என் சம்சாரம். மார்ல கட்டி. கண்டியில ஊசி போட்டாங்க, முடியெல்லாம் கொட்டிப் போச்சி. இப்ப ஊசிக்குப் போறதில்ல. இது மட்டுந்தான் குடிக்குது."

பூரணியின் கை நின்றுவிட்டது. போத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது அந்த நோய்க்கு மருந்தில்ல."

"போன்ல போட்டிருக்காங்களே."

"நான் போடலண்ணே. யாரு போட்டிருந்தாலும் பொய். இது புல்லும் பழமும். அக்காவ ஊசிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"விக்கத்தானே வச்சிருக்க? எனக்கு மட்டும் இல்லேன்னா என்னா அர்த்தம்?"

"ஒங்களுக்கு இத குடுத்தா எனக்குச் சோறு எறங்காதுண்ணே."

அவர் தன் போத்தலைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். பூரணி மேசையைத் துடைத்து உள்ளே போட்டுவிட்டு, கஜேந்திரனிடம் ஓட்டோவை எடுக்கச் சொன்னாள். என்னையும் கூப்பிட்டாள். "நீங்க சும்மா பக்கத்துல இருங்க டீச்சர், எனக்கு கொஞ்சம் தெம்பா இருக்கும்."

வட்டவளையில் விசாரித்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைக் கண்டுபிடித்தோம். வரிசையாக இருந்த வீடுகளில் கடைசி வீடு. ரயிலுக்குக் காத்திருந்த வீரய்யா இன்னும் வந்து சேரவில்லை. அவருடைய மனைவி ராக்காயி தலையில் துவாய் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பூரணி தான் யார் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நோயைப் பற்றி உடனே கேட்கவில்லை. வட்டவளைத் தோட்டங்களில் தெரிந்தவர்களைப் பற்றி இருவரும் பேசினார்கள். ஒரு கட்டத்தில் ராக்காயியே தொடங்கினார்.

"ஊசிக்குப் பயமில்ல தங்கச்சி. அதப் போட்டுட்டு பஸ்ஸுல திரும்பி வர்றதுதான் பயம். வாந்தி வாந்தியா வரும். புடிச்சிக்க ஆளில்ல. இவருக்கு நெனச்ச நேரம் லீவு கெடைக்காது. அங்க அவங்க நல்லாத்தான் பேசுறாங்க, எனக்குத்தான் சிங்களம் வெளங்கல. என்னயக் கூப்புடுறாங்களா, வேற யாரையாவதான்னு தெரியாம பாத்துக்கிட்டே இருப்பேன். இவரு இந்தத் தண்ணியே போதும்னாரு. எனக்கும் அது நிம்மதியா இருந்திச்சி."

"அடுத்த தடவ நான் வர்றேன்க்கா. எனக்கு சிங்களம் தெரியும். வாந்தி வந்தா நான் புடிச்சிக்கிறேன்."

ராக்காயி துவாயின் நுனியால் கண்ணைத் துடைத்தார். வீரய்யா வந்து வாசலில் எங்களைக் கண்டு திகைத்து நின்றபோது, "வந்து உக்காருங்க, இவங்க என்னயக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்," என்று ராக்காயிதான் அவருக்குச் சொன்னார். அவர் உட்காரவில்லை. போய் எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார்.

அந்த வாரமே பூரணி ராக்காயியைக் கண்டிக்கு அழைத்துப் போனாள். இடையில் விட்டதற்கு வைத்தியர் கோபித்துக்கொண்டாராம். ஆனாலும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று சொல்லி, மருந்தைத் திரும்பத் தொடங்கினார். புல்லுத் தண்ணி கொடுத்ததைப் பூரணியே சிங்களத்தில் சொன்னாள். இந்த ஊசி போடும் காலத்தில் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, இப்படி முளைக்க வைத்துப் பச்சையாக அடித்தது எதுவும் வேண்டாம் என்றார் வைத்தியர். வீடு திரும்பியதும் பூரணி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள்: இது மருந்து அல்ல. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம். வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அதன் பிறகு வரவில்லை. அட்டையைக் கழற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை, கஜேந்திரனும் சொல்லவில்லை.

மிச்சமிருந்த எல்லா ஊசிக்கும் அவள் கூடவே போனாள். விடிகாலை பஸ்ஸில் ராக்காயியை ஜன்னலோரம் உட்கார வைத்து, மடியில் பொலித்தீன் பையும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு, கினிகத்தேனை வளைவுகளில் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள் என்று ராக்காயி என்னிடம் சொன்னார். திரும்பி வந்ததும் ஓட்டோவில் கொண்டுபோய் விட்டு, அரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

ராக்காயிக்கு மருந்து முடிந்து, பிறகு சத்திரசிகிச்சையும் முடிந்தது. இப்போதைக்குப் பயமில்லை, தவறாமல் வந்து காட்டிக்கொண்டிருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முடி திரும்ப முளைத்து, சுருட்டையாக வந்திருந்தது. இனி எதையும் சாப்பிடலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு ஒரு நாள் கணவனும் மனைவியும் பூரணி வீட்டுக்கு வந்தார்கள். ராக்காயி தானாகவே ஸ்மூதி கேட்டார். பூரணி புதிதாகப் புல் வெட்டி அடித்துக் கொடுத்தாள்.

"நோய்க்காரியா குடிச்சப்ப ருசியே தெரியல," என்றார் ராக்காயி, பாதிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. "இப்ப நல்லாத் தெரியுது. இதையா அத்தன நாள் குடிச்சேன்?"

வீரய்யா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மீதியை அவர் எடுத்துக் குடித்தார்.

இந்தக் கதை லயத்துக்கு லயம் போயிருக்கிறது. அக்காவுக்குக் கண்டியில் ஒரு கிளினிக், தங்கச்சிக்கு ஒரு ஸ்கேன், சிங்களம் தெரியாது, கூட வரமுடியுமா என்று பெண்கள் வந்து கேட்கிறார்கள். பூரணி இதுவரை யாருக்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் போகிற நாட்களில் மேசை போடுவதில்லை. காலையில் நடக்கப் போகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யாரையோ கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசிக்கொண்டு நடக்கிறார்கள்.