மூன்றாவது ஆப்பு

பிறர் பையைத் தூக்கிப் பிழைக்கும் தொழிலில் முதலில் கற்கிற பாடம், எடையை முடிவு செய்பவருக்கு ஒருபோதும் தோள் வலிப்பதில்லை என்பதுதான். மேலதிகாரியின் ஃபைலோ, மாமனாரின் படுக்கைச் சுருளோ, எதையாவது சுமந்துகொண்டு யாருக்காவது பின்னால் நடந்திருக்கும் வாசகர்கள் அனைவரும் என் இனத்தார். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் நான் தினக்கூலி. நான்கு வருடமாகத் தினக்கூலி. வேலை நாட்கள் கூடிவந்து, நிரந்தரம் கேட்கும் உரிமை எட்டிப் பார்க்கும் சமயத்தில் பத்து நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மறுபடி புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரிகளின் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குவேன். அந்த வேலை செய்பவனுக்குக் கேடி என்று பெயர். காவல் நிலையத்துப் பலகையில் அதே சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் வீட்டில் அதை நான் உச்சரித்ததில்லை.

எனக்கு வாய்த்தது பொது மேலாளர் வரதன் சாரின் பை. யார் யாரை நிரந்தரமாக்கலாம் என்ற பட்டியலில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. ஆகவே அந்தப் பையை நான் எவ்வளவு பயபக்தியுடன் தூக்கியிருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆப்பு என்பது யாதெனில்

ஒரு பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோல்ஃப் சட்டம். அவற்றில், முகம் நன்றாக மல்லாந்த இரும்பு மட்டைக்கு வெட்ஜ் என்று பெயர். பந்தை உயரத் தூக்கி, குழிக்கு அருகில் பொத்தென்று விழவைப்பது அதன் வேலை. வரதன் சாரிடம் இரண்டு இருந்தன. ஒன்று அடிப்பாகம் மெலிந்தது. மற்றது அடிப்பாகம் தடித்தது, மணலுக்கென்றே செய்தது. எங்கள் மைதானத்தில் மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது. கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் ஒன்பது குழிகள். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக, பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிக் கெட்டியாக்கிய கரிய மணல் வட்டம். புல்தரைக்காரர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டு வரதன் சார் அந்த மணலில் ஆடினார்.

என் சகா அந்தோணி ராயபுரத்துக்காரர். மாதா கோயிலில் முதல் பூசை கண்டுவிட்டு நேரே மைதானத்துக்கு வருவார். பல வருடம் துறைமுகத்தில், கப்பலின் அடியறையில் சரக்கு அடுக்கியவர். வெட்ஜ் என்றால் தமிழில் ஆப்பு என்று அகராதி பார்த்துச் சொன்னேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். குரங்கின் கதியில் அவருக்கு அக்கறையில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

“இன்னா வாத்தியாரே, ஹார்பர்ல சரக்கு உருளாம இருக்க ஆப்பு வெப்போம். அது நாயம். இங்க சும்மா குந்திகினு கீற பந்த கெளப்பறதுக்கு ரெண்டு ஆப்பா?”

சிங்கப்பூர்ச் சரக்கு

இரண்டு மூன்றாயிற்று. கப்பல் கேப்டன் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து வரதன் சாருக்குக் கொடுத்துவிட்டார். பழைய மணல் ஆப்பைவிட முகம் இன்னும் மல்லாந்தது, அடி இன்னும் தடித்தது. தொழிற்சாலைக் கேண்டீனில் சாம்பார் ஊற்றலாம் போன்ற தோற்றம். பையில் ஏற்கெனவே பதினான்கு இருந்தன. எதை வெளியே எடுப்பது என்று வரதன் சார் ஒரு ஞாயிறு முழுவதும் யோசித்தார். ஐந்தாம் எண் இரும்பை எடுப்பார். பிரிய மனமில்லாமல் திரும்ப வைப்பார். கடைசியில், பயிற்சி ஆட்டத்துக்குச் சட்டம் எதற்கு என்று பதினைந்தையும் பையிலேயே விட்டுவிட்டார்.

கிளப் அலமாரியில் இருந்த சட்டப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்தவன். எனக்கு வாய் சும்மா இருக்காது. “சார், இந்த மணலுக்கு ரெண்டே அதிகம். பெரும்பாலான நாள் ஒண்ணு போதும்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, என்னை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“ஆடறவன் நான், தூக்கறவன் நீ. நாளைக்கு இடம் மாறினா அப்ப சொல்லு, கேட்டுக்கறேன்.”

குதிகால் சாஸ்திரம்

நான் சொன்னதில் திமிர் மட்டும் இல்லை, நியாயமும் இருந்தது. எண்ணூர் மணல் காலையில் ஒரு சாதி, பகலில் ஒரு சாதி. ஈரக் காற்றில் இறுகிக் கிடக்கும் காலை மணலில் தடித்த அடியுள்ள ஆப்பைப் போட்டால் அது மணலுக்குள் இறங்காது. துள்ளி எழுந்து பந்தின் நடு வயிற்றில் இடிக்கும். பந்து தரையோடு பறந்து கழிமுகத்தைப் பார்த்துப் போகும். வெயில் ஏறி மணல் உதிர்ந்த பிறகுதான் தடித்த அடிக்கு வேலை. எது எப்போது என்பதை அந்தோணி செருப்பைக் கழற்றி, குதிகாலை ஒரு திருகு திருகிப் பார்த்துச் சொல்லிவிடுவார். பொய்த்ததே இல்லை. வரதன் சாரோ கனத்த பூட்ஸ் போட்டவர். ஆணி வைத்த பூட்ஸுக்குள் எந்தச் செய்தியும் போய்ச் சேராது.

ஒரு நாள் காலை அந்தோணி குதிகாலைத் திருகிவிட்டு, “கல்லாட்டம் கீது” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். வரதன் சார் கொடியைப் பார்த்தபடியே கையை நீட்டி, “புதுசு” என்றார். அறுவை மருத்துவர் கத்தி வாங்குவது மாதிரி, திரும்பிப் பார்க்காமல் வாங்குவது அவர் வழக்கம். எல்லா மட்டைக்கும் ஒரே கறுப்புத் தோலில் பிடி சுற்றியிருந்தார்கள். நான் மெலிந்த பழையதை எடுத்துக் கையில் வைத்தேன். பந்து அழகாக எழும்பி, கறுப்பு வட்டத்தில் விழுந்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் மட்டையை, நல்லவேளையாகப் பார்க்காமலே, என்னிடம் நீட்டினார்.

“பார்த்தியா? சிங்கப்பூர்க்காரன் இல்லேன்னா இந்த அடி விழுந்திருக்குமா? ஒண்ணு போதுமாம், ஒண்ணு!”

எடை மேடையும் ஒரு மனுவும்

அந்த வெற்றிக்குப் பிறகு மற்ற அதிகாரிகளும் ஆளுக்கு மூன்று ஆப்பு வாங்கத் தொடங்கினார்கள். என் குறும்பின் பலனை, பை தூக்கும் எங்கள் ஏழு பேரின் தோள்களும் சுமந்தன. இதற்குப் பரிகாரம் தேட வேண்டியது என் கடமை என்று பட்டது. மைதானத்து மட்டைகளைப் பழுதுபார்க்கும் காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். பையைச் சரக்கு அனுப்பும் பிரிவின் எடை மேடையில் வைத்துப் பார்க்க அவர் துணைக்கு வந்தார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, “அரே, இதுக்கு லாரி வெச்சுக்கலாமே தம்பி” என்றார். அன்றே கிளப் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினேன்: ஆட்டக்காரர் விரும்பும் மட்டைகளைக் கொண்டுவரலாம், ஆனால் ஆப்பு ஒன்றுக்கு மேல் போனால் அந்த மிகுதியை அவரே கையில் எடுத்து நடக்க வேண்டும். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தோணி கட்டைவிரல் வைத்தார். மையை என் சட்டையில் துடைத்தார்.

கமிட்டியின் தலைவர் வரதன் சார்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். மனுவை அவர் இரண்டு முறை படித்தார். ஓர் எழுத்துப் பிழையாவது கிடைக்குமா என்று தேடினார் என்று நினைக்கிறேன், கிடைக்கவில்லை. நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டார்.

“நிரந்தரம் பண்ற லிஸ்ட் தயாராயிண்டிருக்கு. உன் பேர் அதுல இப்போதைக்கு இருக்கு. இந்தக் கையை எழுதாம வெச்சிண்டிருந்தா அது அங்கயே இருக்கும்.”

பதினைந்து

மணலிப் பக்கத்துத் தொழிற்சாலையுடன் வருடாந்தரக் கோப்பை ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் மட்டைகளை எண்ணி, எதிராளி காதில் விழும்படி எண்ணிக்கையைச் சொல்வது பை தூக்குபவனின் வேலை. முந்திய நாளே வரதன் சார் மனமில்லாமல் சிங்கப்பூர் ஆப்பைக் காரில் விட்டுவிடச் சம்மதித்திருந்தார். நான் எண்ணினேன், பதினான்கு என்று சொன்னேன், ஃபிளாஸ்கில் தண்ணீர் பிடிக்கப் போனேன். இரண்டு குழிகள் நன்றாகவே முடிந்தன. மூன்றாவதற்கு நடக்கும்போது தோள் ஏதோ சொன்னது. நான்கு வருடம் ஒரே பையைத் தூக்கிய தோள் பொய் சொல்லாது. இறக்கிப் பார்த்தேன். குடைக்குப் பின்னால், மேலே ஒரு துவாலை சுற்றிக்கொண்டு, சிங்கப்பூர்க்காரன் நின்றுகொண்டிருந்தான்.

“சார், பதினஞ்சு இருக்கு” என்றேன், மெதுவாகத்தான். அவர் முகம் மாறவில்லை. “ராசிக்கு வெச்சேன். இத பாரு, அந்தச் சவுக்கு மரத்துப் பக்கம் மணல்ல செருகிட்டு வா. யாரும் பார்க்கலை” என்றார். “ஆட்டம் ஆரம்பிச்சாச்சு சார். ஆடின குழிக்கு ரெண்டு அடி வீதம், மொத்தம் நாலு அடி அபராதம். நாமே சொல்லிடணும்” என்றேன். “சொன்னா, லிஸ்ட்ல ஒரு பேர் குறையும். யோசிச்சுக்கோ” என்றார். பத்து அடி தள்ளி எதிராளி நின்றார். அவர் பையுடன் அந்தோணி. நான் யோசித்தேன், உண்மையாகவே யோசித்தேன். எட்டு மணிச் சங்கு, பெயர் பொறித்த அடையாள அட்டை, வருடம் முழுவதும் கேட் திறந்தே இருப்பது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் பதினான்கு என்று சத்தமாகச் சொன்ன வாய் என்னுடையது. பொய்யை அவர் பையில் வைத்திருக்கலாம். அதை என் வாயில் வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? பையைத் தரையில் சாய்த்தேன். ஒவ்வொன்றாக உருவி மணலில் நட்டபடி, ஏலக்காரன் குரலில் எண்ணினேன். பதினைந்தாவதைத் துவாலையோடு நட்டேன்.

நான்கு அடி அபராதம் எழுதப்பட்டது. மூன்று அடியில் கோப்பை போயிற்று. ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது மணலிக்காரர் சிரிக்காமல் சொன்னார்:

“வரதன், இந்த ஆளை எனக்குக் கொடுத்துடுங்க. வெட்ஜ் எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கங்க.”

அடுத்த ஞாயிறு

அவர் என்னைக் கொடுக்கவுமில்லை, வைத்துக்கொள்ளவுமில்லை. வியாழக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை கேட்டில் என்னை நிறுத்தி, பத்து நாள் கழித்து வந்தால் புதிய ஆளாகச் சேரலாம் என்றார்கள். ஞாயிறு நான் வீட்டில் இருந்திருக்கலாம். வேண்டுமென்றே துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய், எல்லோர் கண்ணிலும் படும்படி சவுக்கு நிழலில் நின்றேன். வரதன் சார் காரிலிருந்து இறங்கினார். என்னைத் தாண்டிப் பார்த்து அந்தோணியைக் கூப்பிட்டார். அந்தோணி அசையவில்லை. “தோளு பேஜாரா கீது தொர” என்றார். அடுத்தவனைக் கூப்பிட்டார். அவனுக்கும் தோள். ஆறு பேருக்கும் ஒரே நாளில் ஒரே தோள் வலி. மருத்துவ உலகம் ஆராய வேண்டிய விஷயம். காதர் பாயைப் பார்த்தார். “நான் ரிப்பேர் பாக்குறவன் சாப், எனக்கு ரெண்டு தோளும் ரிப்பேர்” என்றார் பாய். அன்றைய கூலி ஆறு பேருக்கும் போயிற்று. அதைப் பற்றி நான் வாயெடுத்தபோது அந்தோணி பீடியை நீட்டி அடைத்தார்.

வரதன் சாரும் பிடிவாதக்காரர்தான். பையைத் தானே மாட்டிக்கொண்டு நடந்தார். முதல் குழியில் தோள் மாற்றினார். இரண்டாவதில் பையை இழுத்தார். மணலில் பை இழுபடாது. மூன்றாவதற்குப் போகும் வழியில் பக்கத்தில்தான் கார் நின்றது. நாங்கள் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, காரின் பின்கதவைத் திறந்தார். இரும்புச் சத்தம் வெகு நேரம் கேட்டது. மறுபடி நடந்தபோது பை காலியான தலையணை உறைபோல முதுகில் ஆடியது. அவர் தொலைவுக்குப் போன பிறகு அந்தோணி காருக்குள் எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணிவிட்டு, அந்த மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

“வாத்தியாரே! ரெண்டு ஆப்பு வண்டில கீது! தொர ஒத்த ஆப்போடதான் போய்கினு கீறாரு!”

ஆகவே ஒரு கோல்ஃப் பையில் எத்தனை ஆப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவ முடிவு இதுதான்: ஆடுபவரே தூக்கினால் ஒன்று, நான் தூக்கினால் இரண்டு, என் வேலை நிரந்தரமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் மூன்று.