நாற்காலியில் ஒரு சுருதிப் பெட்டி

ஞாயிறு காலைகளில் பெங்களூரு ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் நால்வர் கூடிப் பாடுவோம். பள்ளியில் மேற்கத்திய இசை சொல்லித்தரும் வீட்டுக்காரம்மா, அவருடைய தங்கை, நான், எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த நண்பன். பாடுவது, சில நூறு வருஷங்களுக்கு முன் இத்தாலியில் ஒரு பிரபுவின் அரண்மனையில் இருந்த இசையமைப்பாளரின் பாட்டுகள். இதெல்லாம் நமக்குத் தேவையா என்று என் மனைவி கேட்பாள். தேவையில்லைதான். வாரம் முழுக்க மீட்டிங்கில் கழிகிறவனுக்குத் தேவையில்லாதது ஒன்றாவது வேண்டுமே.

அந்த மனுஷர் பொத்தாம்பொதுவாக எழுதியவர் இல்லை. அரண்மனைப் பாடகர்களின் தொண்டையைத் தெரிந்துகொண்டு எழுதியவர். எங்கள் பாட்டில் அடிக்குரல் பாதாளத்துக்கு இறங்கும்.

"இவ்ளோ கீழ பாடுற ஆள் அங்க ஒருத்தர் இருந்திருக்கணும் சார். இல்லன்னா எழுதியிருக்க மாட்டார்" என்பார் வீட்டுக்காரம்மா.

எங்களிடமும் அப்படி ஓர் ஆள் இருந்தான். என் நண்பன் வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

போன மழைக்காலத்தில் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் பார்த்த டெஸ்டிங் வேலையை இனி சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளுமாம். என்னை விட்டுவைத்தார்கள். அதற்கப்புறம் அவன் பாட வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பொம்மனஹள்ளியில் அவன் வீட்டுக்கே போனேன். "தூங்குறாருண்ணா" என்றார் அவன் மனைவி. உள்ளே டிவி சேனல் மாறிக்கொண்டிருந்தது. பாட்டு எழுதியவரையும் புதுப் பிரபு வந்ததும் வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்று சொல்லி ஆறுதல் தரலாம் என்றுதான் போயிருந்தேன். நல்லவேளை, அவன் தூங்கிவிட்டான். ஆனால் பாட்டும் விட்டுப்போனால் இவன் அந்த அறையைவிட்டு வெளியே வரவே மாட்டான் என்று பயந்தேன்.

மூன்று குரல்களோடு பாட்டு அந்தரத்தில் தொங்கியது. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் படித்தவன் நான். கீழே ஏதோ குறைகிறது என்றால் கை தானாகச் சுருதிப் பெட்டியைத் தேடும். மறுவாரம் என் பெட்டியை எடுத்துப்போய் அவன் நாற்காலியிலேயே வைத்துப் போட்டேன். முதல் வரி சுகமாக இருந்தது. பிறகு நாங்கள் நகர்ந்தோம், பெட்டி நகரவில்லை. அந்த இசையில் அடிக்குரலும் கூடவே நடக்க வேண்டும். இதுவோ ஒரே இடத்தில் நின்று ரீங்கரித்தது. நாராசம். வீட்டுக்காரம்மா வழக்கம்போல அதையும் பதிவு செய்து, அவனும் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு, வேறு வழியில்லாமல் பெட்டியை மறுபடி போட்டுப் பாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தாடியும் கலைந்த தலையுமாக நண்பன் வந்து நின்றான். யாரையும் பார்க்காமல் நேராகத் தன் நாற்காலிக்குப் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

"ஆபீஸ்லதான் என் எடத்துல மெஷின வெச்சாங்க. இங்கயுமாடா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அவன் கண்ணைப் பார்க்காமல் பாட்டுத்தாளை நீட்டினேன்.

"ஸ்வல்ப தண்ணி குடிங்க சார், மொதல்லேருந்து எடுக்கலாம்" என்றார் வீட்டுக்காரம்மா.

அன்று அவன் குரல் நடுங்கியது. இரண்டு இடங்களில் சுருதி விலகியது. யாரும் திருத்தவில்லை. கடைசி ஸ்வரத்தில் கண்ணாடி அதிர்ந்தபோது வீட்டுக்காரம்மாவின் தங்கை சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது என் பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"இத இங்க விட்டா மறுபடி போடுவ. என்கிட்டயே இருக்கட்டும்."

இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.