ஒரு கரண்டிக்கும் நூறு கிராமுக்கும் நடுவில்

வறுத்த எள் மணக்கும் அந்த சாலட் டிரெஸ்ஸிங் போத்தலை, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் என் அண்ணன் வீட்டு மேசைமேல் வைத்தவள் நான்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு இருபது வருடங்களாகப் பேருந்து ஓட்டியவர் அவர். இதய அடைப்புக்குச் சிகிச்சை எடுத்த பிறகு, இரத்தத்தில் கொழுப்பு இறங்கினால்தான் மறுபடி ஓட்டுவதற்குக் கையெழுத்திடுவேன் என்று டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்தார். இறங்காவிட்டால் பேருந்து வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எதையும் எழுதிவைப்பது என் பழக்கம். பேரங்காடியில் நின்று, செம்பனை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என ஒவ்வொரு போத்தலின் பின்புறமும் இருந்த எண்களை நாட்குறிப்பில் கட்டம் போட்டு எழுதினேன். பிறகு டிரெஸ்ஸிங் வகைகள். கொழுப்பு எண்ணெயில் நூறு; எள் டிரெஸ்ஸிங்கில் ஆறு. அந்த ஆறின் கீழ் இரண்டு கோடு இழுத்தேன். அண்ணியிடம், தாளிக்கும் எண்ணெயைத் தேக்கரண்டியால் அளக்கச் சொன்னேன். டிரெஸ்ஸிங்குக்கு அளவே சொல்லவில்லை.

அண்ணன் 'நாசி கண்டார்' சோற்றுக்கடைகளில் வளர்ந்த நாக்குக்காரர். சோறு மூழ்கக் குழம்பு ஊற்றச் சொல்லி அங்கே 'பாஞ்சிர்' என்பார்கள். வெள்ளரிக்காயும் முட்டைக்கோசும் டிரெஸ்ஸிங்கில் அப்படித்தான் மூழ்கின. "பச்சையா திங்க நான் என்ன ஆடாம்மா? பாஞ்சிர் பண்ணாத்தான் எறங்கும் லா" என்று கவிழ்த்து ஊற்றுவார். "ஊத்துங்கண்ணே, ஆறுதான்" என்றேன். வாரம் இரண்டு போத்தல் தீர்ந்தது.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு, கட்டத்தைப் புதுப் பக்கத்தில் படி எடுக்கும்போது போத்தலை மறுபடி பார்த்தேன். ஆறு என்பது ஒரு கரண்டிக்கு. எண்ணெயின் நூறோ நூறு கிராமுக்கு. டிரெஸ்ஸிங்கில் நூறு கிராமுக்கான எண் அடுத்த பத்தியிலேயே இருந்தது: நாற்பது. உடனே அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நான் பேசுமுன் அவரே, "பஸ்ஸ கழுவி வச்சிட்டேன்மா. இந்த தடவ பாஸ்தான்!" என்றார். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

கொழுப்பு இறங்கவில்லை, ஏறியிருந்தது. வெளியில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்காமல், "ரெண்டு வாட்டி கடையில எண்ணெ சொட்டச் சொட்ட ரொட்டி சானாய் தின்னுட்டேன் டாக்டர். தங்கச்சிக்குத் தெரியாது. அது பாவம், அளந்து அளந்து குடுத்துச்சு" என்றார். டாக்டர் கையெழுத்திடாமலே படிவத்தை மூடினார். காரில் ஏறியதும், "மன்னிச்சிரும்மா, ஒன் கஷ்டத்த வீணாக்கிட்டேன்" என்றார். "பரவால்லண்ணே" என்றேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இரத்த அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. நான் சொன்ன அந்த ஒரு சொல் இல்லை.

நான்கு வருடம் ஆகிவிட்டது. பேருந்தை வேறொருவர் ஓட்டுகிறார்; அண்ணன் ஓர் அடுக்குமாடியில் காவலாளி. போன ஞாயிறு என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் தட்டைத் தள்ளினார். "வேணாம்மா. இது என்னோட பஸ்ஸயே தின்னுருச்சு" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணே, ரொட்டி இல்ல. நான்தான்" என்றேன்.

அவர் சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்து, மீதியையும் சொன்னேன்.