கையெழுத்துச் சம்பளம்

ஜனவரி பிறந்தால் என் கணவரின் அலுவலகம் வாடகை ரசீது கேட்கும். நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம் என்பதை ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் சொன்னால்தான் அந்தக் கம்பெனி நம்பும். இந்த முறை வாங்கி வைத்த ஸ்டாம்புகளில் ஒன்றைக் காணவில்லை என்று தேடினால், யு.கே.ஜி. படிக்கும் என் மகள் அதை நாக்கால் நனைத்து நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். பசை வயிற்றுக்குள் போயிருக்குமோ, டாக்டருக்குப் போன் செய்யலாமா, செய்தால் சிரிப்பாரா என்று நான் பதறிக்கொண்டிருக்கையில் அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா, நாம பணக்காரங்களா?"

வகுப்பில் ஒரு பையன் விடுமுறைக்கு விமானத்தில் போய் வந்திருக்கிறானாம். "நடுத்தரம்" என்றேன். "அப்படின்னா?" என்றாள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிப்பதாகச் சொல்லி அடுப்படிக்குத் தப்பி ஓடினேன். உண்மையில் அடுப்பை இன்னும் பற்றவைக்கவேயில்லை.

யாரைக் கேட்டுச் சொல்வது? கணவரைக் கேட்டால் நாங்கள் ஏழைகள். அவருடைய மேலதிகாரி சமீபத்தில் இரண்டாவது கார் வாங்கியிருக்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கேட்டால் நாங்கள் கோடீஸ்வரர்கள், "குடிக்கிற தண்ணியவே காசு குடுத்து வாங்குறீங்களேக்கா!" என் அம்மாவைக் கேட்டால் அது எதிரே இருப்பவரைப் பொறுத்தது. கல்யாண வீட்டில் மருமகனுக்குக் கைநிறையச் சம்பளம். அங்கேயே ஒரு சொந்தக்காரர் குரலைத் தாழ்த்தி, "மதினி, ஒரு விஷயம்…" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "என்னத்த சம்பளம், எல்லாம் வாடகைக்கே போயிருது" என்றாகிவிடும். ஒரே சம்பளம்தான். அதற்கு எங்கள் வீட்டிலேயே மூன்று ஜாதகம்.

மகளின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தபோது அந்தப் பசையின் மணம் மூக்கில் ஏறியது. அதை மணம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. சோற்றுக் கஞ்சியும் பழைய தபாலும் கலந்த மாதிரி ஒன்று. எனக்கு அது கோமதி சித்தியின் வாசனை.

அம்மாவின் தங்கை கோமதி சித்தி. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் தவறிய பிறகு பாளையங்கோட்டையில் எங்களோடுதான் இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தபோது, அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பெயரெல்லாம் வேண்டாம், அப்போது பாதிப் பள்ளிகள் அப்படித்தான். மாதக் கடைசியில் மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். பதிவேட்டில் இரண்டாயிரத்து நானூறு என்று எழுதியிருக்கும். ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி, அதன் மேல் அழகாகக் கையெழுத்துப் போட வேண்டும். உடனே ஒரு பழுப்புக் கவர் தருவார்கள். அதில் எண்ணூறு இருக்கும். கவரை அங்கேயே பிரித்து எண்ணுவது மரியாதைக் குறைவு. கல்வி புகட்டும் இடத்தில் பண்பாடு முக்கியமல்லவா?

எண்ணூறு என்று எழுதிவிட்டு, எண்ணூறுதானா என்று இப்போது எனக்கே சந்தேகம். அம்மாவைக் கேட்டால் எழுநூற்றைம்பது என்பாள். ஆக, கேட்கப் போவதில்லை.

எங்கள் பின்வாசலுக்கு எதிர்வீட்டில் மாரியக்கா இருந்தாள். முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றுவாள். அவளைப் பொறுத்தவரை சித்தியின் வருமானம் தெருவிலேயே பெரிய வருமானம். தொகை அவளுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. "ஃபேனுக்கு அடியில இருந்து வாங்குத சம்பளம்லா!" என்பாள். அப்பாவுக்கோ சித்தியுடையது சம்பளமே இல்லை. அவர் அரசாங்க குமாஸ்தா. ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஆபீசுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். பென்சன் இல்லாத எந்தத் தொகையையும் அவர் கைச்செலவு என்றுதான் சொல்வார்.

ஆனால் கல்யாணத் தரகர் அண்ணாச்சி வந்து, "பொண்ணுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டவுடன் அந்தக் கைச்செலவு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கையெழுத்து ரெண்டாயிரத்து நானூறு" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்ல மாட்டார். உண்மையில் எந்தப் பாதியைச் சொல்வது என்று மட்டும் தேர்ந்தெடுப்பார். தரகர் அண்ணாச்சி அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது 'கையெழுத்து' எங்கேயோ தவறி விழுந்திருந்தது. எண் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

சித்திக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் இருபத்தெட்டு என்பது வயதல்ல, வியாதி. போகிற வருகிறவர்களெல்லாம் நலம் விசாரிப்பார்கள். அதனால் அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அம்மா வீட்டைக் கழுவிய வேகத்தில் முன்னறைச் சுண்ணாம்பே கொஞ்சம் உதிர்ந்தது. மாப்பிள்ளை தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. சம்பளம் நாலாயிரம். அவருடைய அப்பா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் சப்புன்னு இருக்கு. எங்க ஊருக்குப் பொறவுதான இங்கன வருது ஆறு" என்றார். நாங்கள் அவர்கள் குடித்து மிச்சம் விட்ட தாமிரபரணியைக் குடிக்கிறவர்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா பணிவாகச் சிரித்தார். பெண் வீட்டுக்காரர் வேறு எப்படிச் சிரிக்க முடியும்?

பெண்ணைப் பிடித்துவிட்டது. முதலில் நாற்பது பவுன் கேட்டவர்கள் இருபத்தைந்துக்கு இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதற்குக் காரணமும் சொன்னார். "மாசாமாசம் ரெண்டாயிரத்து நானூறு கொண்டு வாராளே, அதுவும் ஒரு நகைதான? கழுத்துல போட்டா என்ன, கையில தந்தா என்ன?"

அப்பாவும் அம்மாவும் முகம் பார்த்துக்கொண்டார்கள். சித்தியின் மதிப்பு எங்கள் கண்ணெதிரே பதினைந்து பவுன் ஏறியிருந்தது. இறக்க யாருக்கு மனம் வரும்? இறக்கினால் நாற்பது பவுனுக்கு அப்பா எங்கே போவார்? உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் சித்தி அந்த வீட்டில் மாதா மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் ஒரு திட்டம் இருந்தது. அவர்கள் போன மறுநாள் காலையில் அதை வெளியிட்டாள்.

"பேசாம இருங்க. மாசாமாசம் கொறையுதத நாம சேத்துக் குடுத்துருவோம். காலமெல்லாமா குடுக்கப் போறோம்? வளைகாப்பு வரைக்கும்தான. பொறவு பிள்ளையப் பாக்கணும்னு வேலைய விட்டுரலாம்லா."

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் நுரையோடு திரும்பினார். "வளைகாப்பு எப்ப?"

"அத நான் எப்படிச் சொல்ல?"

"உத்தேசமாச் சொல்லு. என் சம்பளத்துல பாதி போகுதுல்லா."

"உத்தேசமா… ஒரு வருசம்."

"தள்ளிப் போச்சுன்னா?"

"நல்ல காரியம் பேசும்போது இப்படித்தான் வாய வைக்கணுமா?"

பெண்ணுக்கு இன்னும் நிச்சயமே ஆகவில்லை. பிள்ளைப்பேற்றுக்குக் கெடு வைத்தாயிற்று. சித்தி அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அல்லது அதை நான் பிறகு சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. எட்டு வயதில் தேங்காய் திருவும் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவர்கள் இரண்டாம் முறை வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். "வீட்டுக்கு மேல மாடி எடுக்கப் போறோம் அண்ணாச்சி. லோனுக்குச் சொல்லியாச்சு. கோமதி சம்பளம் அப்படியே தவணைக்குப் போயிரும். கைய விட்டு ஒத்த ரூவா எறங்காது."

சித்தி காபி கொடுத்துவிட்டுத் தட்டோடு வாசல்நிலை அருகே நின்றாள். தட்டைக் கீழே வைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"மாமா, அந்த ரெண்டாயிரத்து நானூறு கையெழுத்துக்கு மாமா. கைக்கு எண்ணூறுதான் தாராவ."

"ஏட்டி!" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அப்பா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நிதானமாகத் தம்ளரை எடுத்து ஆற்றினார். "பள்ளிக்கூடத்துல கொஞ்சம் புடிப்பாவன்னு நமக்கும் தெரியும். அதுக்காவ மூணுல ஒண்ணா? எங்க ஊர்ல பாதியாவது குடுக்காவளே! ஒரு நல்ல பள்ளிக்கூடமாப் பாத்துச் சேந்துருக்கலாம்லா?"

பள்ளிக்கூடம் ஏமாற்றியதில் அவருக்கு வருத்தமே இல்லை. அதன் விகிதம்தான் அவரை வருத்தியது.

அதுவரை சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்பா, என்னோட நாலாயிரமும் கப்பல் வந்தாத்தான…"

"நீ சும்மா இருலே."

அந்த நாலாயிரத்துக்குள் எத்தனை கப்பல்கள் இருந்தன என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சித்தி மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவர் மறுபடி காலண்டருக்குத் திரும்பிவிட்டார்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்று சொல்லி எழுந்தார்கள். எங்கள் பக்கம் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். தபால்காரர்கூட அதற்காகக் காத்திருக்க மாட்டார்.

அம்மா ரொம்ப நாள் சித்தியிடம் நேராகப் பேசவில்லை. என் மூலமாகத்தான் பேசினாள். "ஒஞ் சித்திகிட்ட சோறு எடுத்து வைக்கச் சொல்லு. அரிச்சந்திரன் பேத்திக்குப் பசிக்குதான்னும் கேளு." அப்பா வருத்தமாக இருப்பதுபோல் இருந்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் போன அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்த மாதக் கடைசியில் சித்தி கவரை மேனேஜர் முன்னாலேயே பிரித்து எண்ணினாளாம்.

"என்ன டீச்சர், எண்ணுதீங்க?"

"கணக்கு டீச்சர்லா சார்."

அடுத்த ஜூனில் அவளுக்கு அந்தப் பள்ளியில் வேலை இல்லை.

வேறு வழியில்லாமல் எங்கள் மொட்டை மாடியில் ஓலைக் கொட்டகை போட்டு டியூஷன் தொடங்கினாள். அப்போதுதான் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினியர் ஆவது என்று முடிவாகியிருந்தது. பிளஸ் டூ கணக்கு, நுழைவுத் தேர்வுக் கணக்கு என்று முதலில் நாலு பேர், பிறகு நாற்பது பேர், பிறகு காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். தொண்ணூறுகள் முடிவதற்குள் மாதம் எட்டாயிரம் ஒன்பதாயிரம் வந்தது. சம்பளக் கமிஷன் புண்ணியத்தில் நிமிர்ந்திருந்த அப்பாவின் சம்பளம் மறுபடி குனிந்துகொண்டது. கையெழுத்தும் கிடையாது, கவரும் கிடையாது. பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

மாரியக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஓலைக் கொட்டகையை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டுவாள். "ஃபேனுக்கு அடியில இருந்த பிள்ள. இப்பம் வெக்கையில கெடந்து கத்துது. எல்லாம் நேரம்!" ஒரு தீபாவளிக்குச் சித்திக்குத் தன் காசில் ஒரு பனையோலை விசிறிகூட வாங்கித் தந்தாள்.

அப்பா வெளியில், "சும்மா ரெண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கா, பொழுது போகணும்லா" என்பார். அந்த ரெண்டு பிள்ளைகளின் சைக்கிள்கள் தெருமுனைவரை நிற்கும்.

தரகர் அண்ணாச்சி மறுபடி வந்தார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ள வீட்டுல பயப்படுதாவ அண்ணாச்சி. பையனுக்கு அஞ்சாயிரம், பொண்ணுக்கு ஒம்பதாயிரம்னா அங்க வந்து அடங்கி இருப்பாளான்னு கேக்காவ. கொஞ்சம் பையக் கொறச்சுச் சொல்லலாமா?"

"எவ்வளவு கொறைக்கணும்?" என்று கேட்டாள் அம்மா. பேனா இருந்தால் குறித்தே கொண்டிருப்பாள்.

சித்தி மாடிப்படியிலிருந்து, "கொறைக்கண்டாம் அத்தான்" என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இடம் வந்தது. ஒன்றும் அமையவில்லை. அப்புறம் வருவது நின்றது. முப்பத்து நான்கு, முப்பத்தைந்துக்குப் பிறகு யாரும் நலம் விசாரிப்பதுகூட இல்லை.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். தரகர் அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். வருமானத்தைக் கூட்டவும் குறைக்கவும் இப்போது ஆள் வேண்டாம், செல்போனில் வரன் தேடும் ஆப்பிலேயே அதற்குக் கட்டங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர் பெயருக்கு முன்னால் சம்பளத்தைக் கேட்கிறவர்களும் இல்லை.

எண்ணூறு போதவில்லை. ஒன்பதாயிரம் அதிகமாகிவிட்டது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு மாதத்தில், கல்யாணத்துக்குச் சரியாக இருக்கக்கூடிய ஒரு தொகையைச் சித்தி சம்பாதித்திருக்கத்தான் வேண்டும். ஏதோ ஒரு பிப்ரவரியாகவோ ஆவணியாகவோ இருக்கலாம். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவளும் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்திருப்பாள்.