மாத்திரை டப்பாவில் ஒரு தறி முடிச்சு

“...முடிச்சு உன்னோடதுல்ல? தறி முடிச்சுல்ல இது?” என்றார் என் கணவர். மாத்திரை டப்பாவைச் சுற்றி நான் கட்டியிருந்த நூல் அவர் சுண்டுவிரலில் தொங்கியது. அடுப்பில் பால் பொங்கி வந்தது. நான் இறக்கவில்லை. கை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்ல, இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். சந்தேகம் நோயாக வந்திருக்கிற வீட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவருக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. நூல் சுற்றும் கதிரில் இழை அறுந்தால் இரண்டு முனையையும் விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் தெரியாது. நான் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டில் பிறந்தவள். எங்களுக்கு நூல் அறுந்தால் முடிச்சுதான்.

முதலில் அவருக்குத் தூக்கம் போனது. பிறகு கேள்விகள் வந்தன. பால்காரர் நம் வீட்டு வாசலில் மட்டும் மணியை ஏன் இரண்டு தடவை அடிக்கிறார்? கண்டக்டர் உனக்குச் சில்லறை தரும்போது ஏன் சிரித்தார்? ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்கு அவரைக் கூட்டிப் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். “கை நடுங்காமப் பொய்ச் சத்தியம் பண்ணுதியே, எம்புட்டு நாளாட்டி பழக்கம்?” என்று கேட்டார்.

இரவு ஷிப்டுக்குப் போகும்போது வாசலுக்கு வெளியே, கணுக்கால் உயரத்தில், மெல்லிய நூல் ஒன்றைக் குறுக்கே கட்டிவிட்டுப் போவார். யார் உள்ளே வந்தாலும் அறுந்துவிடும். நான் காலைத் தூக்கித் தாண்டப் பழகியிருந்தேன். ஒருநாள் வாசல் தெளிக்க வந்தபோது நினைப்பில்லாமல் அறுத்துவிட்டேன். பயத்தில் என் விரல்கள் பிறந்த வீட்டு முடிச்சைப் போட்டுவிட்டன.

திரும்பி வந்தவர் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார். “இது மில்லுக்காரன் ஒட்டு இல்ல. தறிக்காரன் முடிச்சு.”

“நான்தாங்க போட்டேன். எங்க அய்யா வீட்டுல தறி கெடந்தது மறந்துபோச்சா?”

“அப்போ இத்தன வருஷமா எனக்கு ஏன் காட்டல?”

பக்கத்துத் தெருவில் தறி ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். பாவம், என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. முடிச்சுப் போட்டது அவர்தான் என்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை என் கணவர் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினார். போலீஸ் வந்தது. கணவரின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனுப் போட்டார். ரிசப்ஷன் ஆர்டர் (ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் அவரை மனநல மருத்துவமனையில் வைக்க மாஜிஸ்திரேட் தரும் உத்தரவு) வேண்டுமென்று கேட்டிருந்தார். “மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா நீயாவது செத்த நேரம் கண்ண மூடுவ தாயி” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அதே மாதம் எதிர்வீட்டுக்காரருக்கு மாரடைப்பு. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் மனைவி என்னிடம், “வாரவியளுக்குக் காப்பி போட்டே கை ஒடியுதுக்கா” என்று அலுத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்கு எவரும் வரவில்லை. என் புருஷனுக்கும் நெஞ்சில் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கோவிலில் நின்றும் அதையே நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவரால உங்களுக்கு ஆபத்து இருக்காம்மா?”

“இருக்குய்யா. ஆனா ஒரு மாத்திர குடுத்துப் பாக்காம அனுப்ப மனசு வரல.”

“அதுவரைக்கும் அந்த வீட்டுல தனியா இருக்காதீங்க” என்று சொல்லி, அடுத்த வாய்தாவுக்குள் மனநல மருத்துவரிடம் காட்டி அறிக்கை வாங்கி வரச் சொன்னார். கணவரின் அண்ணன் வீட்டில் போய் இருந்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கை ஓங்குகிற நாளில் பாசம் பார்க்காதீர்கள், வெளியேறிவிடுங்கள்.

என் கணவரை மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தூக்கம் எப்படி?” என்றுதான் கேட்டார். “கண்ண மூடியே மாசக்கணக்காச்சு சார்” என்று சொல்லி என் கணவர் அழுதுவிட்டார்.

பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். “இது டெல்யூஷன் (எந்த ஆதாரத்துக்கும் அசையாத தவறான நம்பிக்கை). நீங்க சத்தியமும் பண்ண வேண்டாம், ஆமான்னு ஒத்துக்கவும் வேண்டாம்.” வெள்ளைக்காரன் காலத்துப் பைத்தியச் சட்டம் போய், புதிய மனநலச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. தானே விரும்பி எழுதிக் கொடுத்துச் சேரவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றார். தூங்குவதற்காக என் கணவர் கையெழுத்துப் போட்டார். அறிக்கையைப் பார்த்த மாஜிஸ்திரேட் மனுவை முடித்து வைத்தார்.

வார்டில், நான் நீட்டிய மாத்திரையை விஷம் என்று தட்டிவிட்டார். சிஸ்டர் கொடுத்து, விழுங்கினாரா என்று பார்க்க, “வாயத் திறங்கண்ணே, நாக்கத் தூக்குங்க” என்றால் பிள்ளை மாதிரி திறந்து காட்டுவார். நான் சுவரோரம் நின்று அந்தப் பெண்ணின் வளையலையும் பவுடரையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை டாக்டரிடமே சொன்னேன். சிரித்துவிட்டார். “பொறாமை எல்லாருக்கும் வரும்மா. நான் சொன்னா உங்களுக்குக் கொஞ்சம் அடங்குதுல்ல? அவருக்கு அடங்கல. அதுக்குத்தான் மருந்து.”

சந்தேகம் ஒரே நாளில் போகவில்லை. கேள்விகள் மெல்ல மெல்லக் குறைந்தன. பாதியில் நின்றுபோன கேள்விகளும் உண்டு. வீடு திரும்பி மில்லுக்கும் போனார். ஆனால் மருந்தால் கைநடுக்கம் இருந்தது. “நூலு ஒட்ட மாட்டேங்குதுட்டி. மாத்திரய நிறுத்திட்டா என்ன?” என்றார். டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்தார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. நான் இல்லாத வேளையில் விழுங்குகிறாரா, டப்பாவைத் தொடாமலே விட்டுவிடுகிறாரா? எண்ணிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் டப்பாவில் மெல்லிய நூலைக் கட்டினேன். திறக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா?

இன்றும் வாசலைத் தாண்டும்போது என் கால் தானாகக் கணுக்கால் உயரத்துக்கு எழும்புகிறது. நூல் இல்லை, கால் நம்பவில்லை. முன்பு எங்கள் வீட்டில் நாள் என்பது மில் சங்குக்குச் சங்கு. இப்போது ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரைக்கும்தான் நாள். அதற்கு அப்பால் நான் யோசிப்பதில்லை.

அன்று காலை அடுப்படியில் நின்று, “ஆமாங்க, என்னோடதுதான்” என்றேன். கழுத்தைப் பிடிப்பாரோ என்று இருந்தது.

அவர் நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டார். பாலை இறக்கி வைத்தார். ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுச் சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.